கூகுளில் எங்கள் தளமே வரவில்லை: தேடுபொறிகள் ஒரு தளத்தை எப்படித்தான் கண்டுபிடிக்கின்றன?

கெடிலக்கரை (கடலூர்)

எல்லோருக்கும் வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லித் தர வேண்டும்.

எங்கள் அப்பா பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலூர் வட்டாரத்தைப் பற்றிப் பல வருடங்களாக எழுதி வைத்திருக்கிறார். புனித டேவிட் கோட்டை, முதுநகர் துறைமுகம், அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளியபோது அவர் கரை சேர்ந்ததாகச் சொல்லும் கரையேறவிட்டகுப்பம், 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் அடித்துப் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்த கதை, இப்படி நூற்றுக்கும் மேல் கட்டுரைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் போட ஒருவரிடம் பணம் கொடுத்து வேர்ட்பிரஸில் தளம் செய்து, டொமைனும் வாங்கிவிட்டோம். மாதக்கணக்கில் ஆகிறது. கட்டுரையின் தலைப்பை எழுத்து பிசகாமல் அடித்துத் தேடினாலும் கூகுளில் எங்கள் பக்கம் வருவதில்லை. வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பி ஊரில் நிறையப் பேர் படித்துவிட்டார்கள், ஆனால் தேடலில் மட்டும் இல்லை. தளம் செய்து கொடுத்தவர் இப்போது போனையே எடுப்பதில்லை. வேறொருவர் ஐந்நூறு தேடுபொறிகளில் பதிவு செய்து தருகிறேன், இவ்வளவு ஆகும் என்று ஒரு தொகை கேட்கிறார்.

ஒரு தளம் இருக்கிறது என்பது கூகுளுக்கு எப்படித் தெரியும்? நாம் போய்ச் சொல்ல வேண்டுமா, அதுவாக வருமா? திருப்பாதிரிப்புலியூரில் படிக்கிற ஒரு பிள்ளை தன் ஊரைப் பற்றித் தேடினால் அப்பா எழுதியது கிடைக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசை.

லாஸ்பேட்டை_நிரலர் (புதுச்சேரி)

தம்பி, அந்த ஐந்நூறு தேடுபொறிக்காரருக்குப் பணம் கொடுக்காதீர்கள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் மக்கள் பயன்படுத்துவது கூகுள், கொஞ்சம் பிங், சிலர் டக்டக்கோ. டக்டக்கோவும் வழக்கமான இணைய முடிவுகளைப் பெரும்பாலும் பிங்கிடமிருந்துதான் எடுக்கிறது. காசு வாங்கிக்கொண்டு ஒரு தளத்தை அடிக்கடி வந்து பார்ப்பதோ, முடிவுகளில் மேலே ஏற்றுவதோ கூகுளில் கிடையாது. விளம்பரம் வேறு கணக்கு.

இனி உங்கள் கேள்வி. உலகத்தில் இருக்கிற எல்லா இணையப் பக்கங்களையும் எழுதி வைத்த ஒரு பொதுப் பதிவேடு எங்குமே இல்லை. அதனால் தேடுபொறி தானாகத்தான் தேடிக் கண்டுபிடித்தாக வேண்டும். கூகுள்பாட் என்கிற நிரல் தனக்கு ஏற்கெனவே தெரிந்த பக்கங்களைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறது, அதில் இதுவரை பார்க்காத லிங்க் ஏதாவது இருந்தால் ஒரு வரிசையில் போட்டு வைக்கிறது, முறை வந்ததும் அந்த முகவரியைத் திறக்கிறது, அங்கே கிடைக்கிற லிங்குகளையும் அதே வரிசையில் சேர்க்கிறது. பெரும்பாலான பக்கங்கள் இப்படித்தான் கண்டுபிடிக்கப்படுகின்றன. இன்னொரு வழி, நாமே சைட்மேப் என்று ஒரு கோப்பில் நம் முகவரிகளை எழுதிக் கொடுப்பது. வேர்ட்பிரஸ் 2020இல் வந்த 5.5 பதிப்பிலிருந்து இதைத் தானாகவே உருவாக்கிவிடுகிறது, ஒரு சைட்மேப்பில் 50,000 முகவரி வரை போடலாம், உங்களுக்கு அதெல்லாம் தாராளம்.

வாட்ஸ்அப்பில் பகிர்ந்தது இதில் கணக்கில் வராது. அந்தக் குழுக்களுக்குள் கூகுள்பாட் நுழைய முடியாது. ஃபேஸ்புக்கிலும் பெரும்பகுதி லாகின் செய்தால்தான் தெரியும். ஊரே படித்திருந்தாலும், சைட்மேப்பும் கொடுக்காமல், வெளியில் திறந்து கிடக்கும் ஒரு பக்கத்திலிருந்து உங்கள் தளத்துக்கு ஒரு லிங்க்கூட இல்லையென்றால் அது வந்து சேர வழியில்லை.

ஆனால் மாதக்கணக்கில் முகப்புப் பக்கம்கூட வரவில்லை என்பது எனக்கு வேறு சந்தேகத்தைத் தருகிறது. கூகுளில் ஆங்கிலத்தில் சைட் என்று அடித்து, ஒரு முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் டொமைன் பெயரை அடியுங்கள். ஒன்றுமே வராவிட்டால் வேர்ட்பிரஸில் செட்டிங்ஸ், அதற்குள் ரீடிங் பக்கத்துக்குப் போய், தேடுபொறிகள் இந்தத் தளத்தை இண்டெக்ஸ் செய்வதை, அதாவது தங்கள் பட்டியலில் சேர்ப்பதை, தவிர்க்கச் சொல்லும் பெட்டியில் டிக் இருக்கிறதா பாருங்கள். தளம் கட்டிக்கொண்டிருக்கும்போது அரைகுறையாக வெளியே போய்விடக் கூடாது என்று டிக் செய்துவிட்டு, முடிந்த பிறகு எடுக்க மறந்துவிடுவார்கள். அந்த டிக் இருந்தால் ஒவ்வொரு பக்கத்திலும் நோஇண்டெக்ஸ் என்று ஒரு வரி சேர்ந்துவிடும். கூகுள் வந்து, படித்து, அந்த வரியைப் பார்த்துவிட்டு, சரி வேண்டாம் என்று போய்விடும்.

இங்கே பலரும் குழம்புகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ரோபோட்ஸ் கோப்பு வேறு, நோஇண்டெக்ஸ் வேறு. ரோபோட்ஸ் கோப்பு என்பது தேடுபொறி நிரல்களுக்காகத் தளத்தில் வைக்கிற ஒரு சின்னக் கோப்பு. 1994இல் மார்ட்டின் கோஸ்டர் என்பவர் முன்வைத்த ஏற்பாடு, அப்போதிலிருந்து முறைப்படுத்தப்படாத வழக்கமாக இருந்து 2022இல்தான் ஆர்எஃப்சி 9309 என்ற ஆவணமாக முறையான இணையத் தரமானது. அது சொல்வது இந்தப் பக்கம் வராதே, இதைத் திறக்காதே என்பது மட்டும். திறக்காமலே, வேறு யாரோ கொடுத்த லிங்கை வைத்து அந்த முகவரியைத் தேடல் முடிவில் காட்டுவதை அது தடுக்காது. பட்டியலில் சேர்க்காதே என்று சொல்வது நோஇண்டெக்ஸ். இரண்டையும் ஒரே பக்கத்துக்குப் போட்டால், கூகுள் பக்கத்தையே திறக்காது, உள்ளே இருக்கிற நோஇண்டெக்ஸ் அதன் கண்ணிலேயே படாது.

கெடிலக்கரை

அண்ணா, நீங்கள் சொன்னதேதான். ஒன்றும் வரவில்லை, போய்ப் பார்த்தால் டிக் இருந்தது. எடுத்துவிட்டு, தளம் வைத்திருப்பவர்களுக்காகக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் கணக்குத் தொடங்கி, டொமைன் எங்களுடையதுதான் என்று அந்த டொமைனின் டிஎன்எஸ் அமைப்பில் ஒரு வரி சேர்த்து நிரூபித்து, சைட்மேப்பையும் கொடுத்தேன். முகப்பும் சில கட்டுரைகளும் வந்துவிட்டன, அப்பாவுக்கு ரொம்ப சந்தோஷம்.

ஆனால் நிறைய முகவரிகளுக்கு, கண்டறியப்பட்டது ஆனால் தற்போது இண்டெக்ஸ் செய்யப்படவில்லை என்று காட்டுகிறது. அதைவிடக் குழப்பம் வேறொன்று. வந்திருக்கிற பக்கங்களில் சிலவற்றுக்குத் தேடல் முடிவில் தலைப்பு, அதன் கீழே வரும் இரண்டு வரி எல்லாம் பொருளே இல்லாத ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன. தளத்தைத் திறந்தால் நல்ல தமிழில்தான் இருக்கிறது. அவை 2005 வாக்கில் அப்பாவின் நண்பர் தட்டச்சு செய்து கொடுத்தவை.

பாகூர்_வலைஞர்

தினமும் சர்ச் கன்சோலில் ஒவ்வொரு முகவரியாகக் கொடுத்து இண்டெக்ஸிங் கோரிக்கை அழுத்திக்கொண்டே இருங்கள், அப்போதுதான் கவனிப்பார்கள். பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் வைக்கிற மெட்டா கீவேர்ட்ஸ் என்ற சொற்பட்டியலில் ஊர்ப் பெயர்களையெல்லாம் நிரப்புங்கள். கொஞ்சம் பேக்லிங்க், அதாவது மற்றத் தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் லிங்க், வாங்கிப் போட்டால் சீக்கிரம் மேலே வரும்.

மஞ்சக்குப்பம்_அச்சகம்

தம்பி, அது பாமினி எழுத்துரு. நான் பல வருடம் டிடிபி வேலை பார்த்தவள், பார்க்காமலே சொல்வேன்.

பக்கத்தைக் கண்டுபிடித்துத் திறந்து படித்த பிறகு தேடுபொறி என்ன செய்கிறது என்பது தெரிந்தால் இது விளங்கிவிடும். நீங்கள் ஒரு சொல்லை அடித்ததும் அது உலகத்தில் இருக்கிற பக்கங்களையெல்லாம் அந்த நேரத்தில் புரட்டுவதில்லை. முன்கூட்டியே சொல்லடைவு மாதிரி ஒன்றைத் தயார் செய்து வைத்திருக்கிறது. சங்க நூல்களுக்குச் சொல்லடைவு பார்த்திருப்பீர்கள் இல்லையா, ஒரு சொல்லை எடுத்தால் அது எந்த நூலில் எந்தப் பாட்டில் எத்தனையாவது அடியில் வருகிறது என்று வரிசையாக இருக்கும், அதேதான். துறைமுகம் என்ற சொல்லுக்கு எதிரே அந்தச் சொல் வருகிற பக்கங்களெல்லாம் குறித்து வைக்கப்பட்டிருக்கும், நீங்கள் கேட்டதும் அந்த வரிசையை எடுத்து எது முதலில் என்று தீர்மானித்துக் காட்டும்.

இப்போது பாமினிக்கு வாருங்கள். பாமினியில் அம்மா என்று திரையில் தெரிவது கணினிக்குள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஆங்கில விசைகளாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. எழுத்துருதான் அந்த ஆங்கில எழுத்துகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. நம் கண்ணுக்குத் தமிழ். தேடுபொறி உருவத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருக்கிற குறியீட்டை எடுத்துக்கொள்கிறது. அதனால் உங்கள் அப்பா துறைமுகத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதியிருந்தாலும் அதன் சொல்லடைவில் துறைமுகம் என்ற சொல்லுக்கு எதிரே உங்கள் பக்கம் ஏறவே ஏறாது, எந்த மொழியிலும் இல்லாத ஏதோ ஒரு ஆங்கில எழுத்துக் கோவைக்கு எதிரேதான் ஏறியிருக்கும். அதை யாரும் தேடப் போவதில்லை. தமிழில் எழுதப்பட்ட எத்தனையோ நல்ல எழுத்து, பாமினி, டாப், டாம், டிஸ்கி என்று பழைய குறியீடுகளில் மாட்டிக்கொண்டு இப்படி யார் கைக்கும் கிடைக்காமல் கிடக்கிறது. நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும்.

எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. மாற்றிகள் இணையத்தில் இலவசமாகவே நிறைய இருக்கின்றன. ஆனால் மாற்றியதும் முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது, ஒவ்வொரு கட்டுரையையும் உட்கார்ந்து படித்துப் பார்க்க வேண்டும். இடையில் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்த சொற்களும் தமிழாக மாறி உளறலாகிவிடும். துணைக்காலுக்குப் பதில் ர அடித்திருப்பார்கள், பழைய தட்டச்சில் இது சர்வசாதாரணம், இரண்டும் ஒன்று போலவே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கணினிக்கு அது வேறு எழுத்து, அந்தச் சொல் தேடலில் அகப்படாது. ஔகாரக் குறியின் பின்பாதிக்கு ள போட்டிருப்பதும் அப்படித்தான். பாமினியில் கொம்பை முதலில் அடித்துவிட்டு மெய்யை அடிப்போம், யூனிகோடில் மெய்க்குப் பிறகுதான் கொம்பு சேமிக்கப்படும், மட்டமான மாற்றி இந்த வரிசையைக் குழப்பிவிடும். ஒரு வழி சொல்கிறேன்: மாற்றிய கட்டுரையில் கண்ட்ரோல் எஃப் அழுத்தி, நீங்கள் உங்கள் கையால் யூனிகோடில் அடித்த ஒரு சொல்லைத் தேடுங்கள். திரையில் தெரிகிற சொல் அகப்படவில்லையென்றால் அங்கே பிழை இருக்கிறது.

கட்டுரைகளை ஸ்கேன் செய்து படமாகப் போட்டிருந்தாலும் தட்டச்சு செய்து கீழே எழுத்தாகச் சேர்த்துவிடுங்கள். படத்துக்குள் இருக்கிற எழுத்தைப் படித்துக்கொள்ளும் என்று நம்பி உட்காராதீர்கள், மங்கலான பழைய பத்திரிகைத் தமிழுக்கு அது ஆகாது.

லாஸ்பேட்டை_நிரலர்

அக்கா சொன்னதற்கு மேல் எழுத்துரு விஷயத்தில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அருமை.

பாகூர் நண்பருக்கு: ஒரே முகவரிக்குத் திரும்பத் திரும்பக் கோரிக்கை கொடுத்தால் சீக்கிரம் நடக்காது என்று கூகுளின் உதவிப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். மெட்டா கீவேர்ட்ஸைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று 2009லேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். லிங்க் விலைக்கு வாங்குவது அவர்களுடைய விதிகளுக்கு எதிரானது. அப்பாவின் கட்டுரைகளுக்கு அந்தக் கறை எதற்கு?

தம்பி, கண்டறியப்பட்டது என்று வருவதும், படிக்கப்பட்டது ஆனால் இண்டெக்ஸ் செய்யப்படவில்லை என்று வருவதும் வேறு வேறு. முதலாவது, முகவரி தெரியும், இன்னும் திறந்து பார்க்கவில்லை. புதுத் தளத்துக்கு இது இயல்பு, பொறுத்திருங்கள். இரண்டாவது, திறந்து படித்துவிட்டு இப்போதைக்கு வைத்துக்கொள்ளவில்லை. படித்ததையெல்லாம் பட்டியலில் வைத்தே தீருவோம் என்று எந்தத் தேடுபொறியும் உறுதி தருவதில்லை. பாமினிப் பக்கங்கள் அதில்தான் விழும் என்று நினைக்கிறேன். வேர்ட்பிரஸில் ஒவ்வொரு கட்டுரைக்கும் பத்து டேக் போட்டிருந்தால் ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு பக்கம் உருவாகி, உள்ளே ஒரே ஒரு கட்டுரையின் சுருக்கம் மட்டும் இருக்கும். அப்படிப்பட்ட பக்கங்களும் அந்தக் கணக்கில் நிறைய வரும், அவற்றைப் பற்றிக் கவலை வேண்டாம், டேக்குகளைக் குறைத்துவிடுங்கள்.

உங்கள் முகப்பைப் பார்த்தேன். மேலும் காட்டு என்று ஒரு பொத்தான் அழுத்தினால்தான் பழைய கட்டுரைகள் வருகின்றன. கூகுள்பாட் பக்கத்தைத் திறந்து ஜாவாஸ்கிரிப்டையும் ஓட்டிப் பார்க்கும், ஆனால் நம்மைப் போலப் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்காது. கோட்டை, கோயில், துறைமுகம், புயல் என்று பிரித்து, எல்லாக் கட்டுரைகளுக்கும் சாதாரண லிங்க் இருக்கிற ஒரு பொருளடக்கப் பக்கம் வையுங்கள். முதுநகர் கட்டுரையில் கோட்டையைப் பற்றி வரும் இடத்தில் கோட்டைக் கட்டுரைக்கு லிங்க் கொடுங்கள். சைட்மேப் இருந்தாலும் இது வேண்டும், ஏனென்றால் எந்தக் கட்டுரை எதோடு சேர்ந்தது, எது முக்கியம் என்பதை அது லிங்குகளை வைத்துத்தான் புரிந்துகொள்கிறது. கைபேசியிலும் ஒருமுறை திறந்து பாருங்கள், இப்போது கூகுள் கைபேசிக்கான வடிவத்தைத்தான் முதன்மையாக எடுத்துக்கொள்கிறது. கணினியில் தெரிகிற பத்தி கைபேசியில் இல்லாவிட்டால் அது இல்லாத கணக்குத்தான்.

அப்புறம் பிங்கையும் விட்டுவிடாதீர்கள். பிங் வெப்மாஸ்டர் கருவியில் சர்ச் கன்சோல் விவரத்தை அப்படியே இறக்கிக்கொள்ளலாம். 2021இல் பிங்கும் ரஷ்யத் தேடுபொறியான யாண்டெக்ஸும் சேர்ந்து இண்டெக்ஸ்நவ் என்று ஒரு ஏற்பாடு கொண்டு வந்தார்கள். புதுப் பக்கம் போட்டதும் தளமே அவர்களுக்குத் தகவல் அனுப்பிவிடும், வேர்ட்பிரஸுக்குச் செருகுநிரல் இருக்கிறது. கூகுள் அதில் சேரவில்லை.

முதுநகர்_வாசகன்

நானும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நானும் ஊர் வரலாறு தேடித் தேடிக் களைத்தவன். ஊர்ப் பெயரை மக்கள் எப்படியெல்லாம் அடிப்பார்கள் என்று யோசித்து எழுதுங்கள். பழைய நூல்களில் கூடலூர் என்று வரும், உங்கள் அப்பாவும் சில இடங்களில் அப்படியே எழுதியிருக்கலாம், அது சரிதான். ஆனால் கூடலூர் என்று மட்டும் இருந்தால் தேடுபொறி நீலகிரிக் கூடலூரையோ தேனி மாவட்டத்துக் கூடலூரையோ நினைத்துக்கொள்ளும். முதல் பத்தியிலேயே கடலூர், கடலூர் மாவட்டம், பழைய வழக்கில் கூடலூர் என்று இயல்பாக ஒரு வாக்கியத்தில் வந்துவிட்டால் போதும். முதுநகரை இன்னும் பலர் ஓ.டி. (ஓல்டு டவுன்) என்றுதான் சொல்கிறார்கள், அதுவும் ஓரிடத்தில் இருக்கட்டும். புதுச்சேரி பற்றி எழுதும்போதும் இதே கதைதான். 2006இல் அதிகாரப்பூர்வமாகப் பெயர் மாறினாலும் பாண்டிச்சேரி, பாண்டி, புதுவை என்று மூன்றையும் இன்றுவரை ஆட்கள் தேடுகிறார்கள். பெயர்களைச் சும்மா அடுக்கி வைக்கச் சொல்லவில்லை, படிப்பவருக்கு உறுத்தாமல் வர வேண்டும். நம் மொழியில் கடலூரில், கடலூருக்கு, கடலூரிலிருந்து என்று சொல் நீண்டுகொண்டே போகும், அதனால் தலைப்பில் மட்டுமாவது பெயர் வேற்றுமை உருபு ஒட்டாமல் தனியாக நிற்பது நல்லது.

லிங்க் வேண்டும் என்று அண்ணன் சொன்னாரே, அதற்கு ஊரிலேயே வழி இருக்கிறது. லாரி பேஜும் செர்கெய் பிரினும் ஸ்டான்ஃபோர்டில் படிக்கும்போது யோசித்த பேஜ்ரேங்க்கின் அடிப்படையே, ஒரு பக்கத்தை வேறு எந்தெந்தப் பக்கங்கள் சுட்டுகின்றன, சுட்டுகிற பக்கத்துக்கு என்ன மதிப்பு என்பதுதான். 1998இல் கூகுள் அதை வைத்துத்தான் தொடங்கியது. இன்று எத்தனையோ காரணிகள் சேர்ந்துவிட்டன, இருந்தாலும் லிங்குக்கு மதிப்புப் போகவில்லை. அப்பா வேலை பார்த்த பள்ளிக்குத் தளம் இருந்தால் அங்கே கேளுங்கள், வரலாற்றுத் துறை உள்ள கல்லூரிகளுக்கு எழுதுங்கள், உள்ளூர் வரலாறு எழுதும் வலைப்பதிவர்களுக்குப் பொருத்தமான ஒரு கட்டுரையை மட்டும் அனுப்பிப் படிக்கச் சொல்லுங்கள். பிடித்திருந்தால் அவர்களே சுட்டுவார்கள். விக்கிப்பீடியாவில் போய் நீங்களாகவே லிங்க் சேர்க்க வேண்டாம், அங்கே வெளி லிங்குகள், தேடுபொறி இதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று சொல்லும் நோஃபாலோ குறியோடுதான் இருக்கும், அது விளம்பரம் என்று நீக்கியும் விடுவார்கள்.

தானே புயல் கட்டுரையை நான் படித்துவிட்டேன் தம்பி. முந்திரித் தோப்பு வைத்திருந்தவர்கள் பட்ட பாட்டை அவ்வளவு விவரமாக எழுதியதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. என் வலைப்பதிவில் இன்றே லிங்க் கொடுக்கிறேன்.

கெடிலக்கரை

ஐயா, அக்கா, அண்ணா, எல்லோருக்கும் நன்றி. வாசகன் ஐயா சொன்னதை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். பாமினிக் கட்டுரைகளை நானும் அப்பாவும் சேர்ந்து மாற்றத் தொடங்கிவிட்டோம், அக்கா சொன்ன அந்த ர பிழை பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது.

ஒரே ஒரு சந்தேகம். மாற்றிய கட்டுரைகளுக்கு முகவரியும் நன்றாக இருக்கட்டும் என்று தமிழிலேயே வைக்கலாமா? பழைய பாமினிப் பக்கங்களை அழித்துவிடலாமா?

லாஸ்பேட்டை_நிரலர்

தமிழ் முகவரி வைக்கலாம், கூகுளுக்கு எந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது சில சமயம் சதவீதக் குறிகளும் எண்களுமாக முழ நீளத்துக்கு விரிந்துவிடும், பார்க்கிறவர்கள் ஏதோ வைரஸ் என்று பயந்து திறக்கமாட்டார்கள். நான் வைப்பதென்றால் ஆங்கில எழுத்தில் சின்னதாக ஊர்ப் பெயரும் பொருளும் வருகிற மாதிரி வைப்பேன்.

முகவரியை மாற்றித்தான் ஆக வேண்டும் என்றில்லை. அதே முகவரியில் உள்ளடக்கத்தை மட்டும் யூனிகோடாக மாற்றினால் வேலை பாதியாகக் குறையும், அடுத்த முறை கூகுள்பாட் வரும்போது புதியதை எடுத்துக்கொள்ளும். மாற்றுவதாக முடிவு செய்தால் பழையதை வெறுமனே அழித்துவிடாதீர்கள், பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புது முகவரிக்கு அனுப்பிவிடும் 301 ரீடைரக்ட் போடுங்கள். ஊர்க் குழுக்களில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கிற லிங்கை யாராவது தட்டினாலும் புதுப் பக்கத்துக்கு வந்து சேர்வார்கள், பழைய பக்கத்துக்குக் கிடைத்திருந்த மதிப்பும் கூடவே வரும். அந்த ரீடைரக்டைக் குறைந்தது ஒரு வருடமாவது வைத்திருக்க வேண்டும் என்று கூகுள் சொல்கிறது, நீங்கள் எடுக்காமலே விட்டுவிடுங்கள். இரண்டு முகவரியிலும் ஒரே கட்டுரை கிடக்கும்படி மட்டும் விடாதீர்கள்.

மாற்றி முடித்த கட்டுரையை ஒன்றிரண்டாக சர்ச் கன்சோலில் யுஆர்எல் ஆய்வில் போட்டுப் பாருங்கள். கூகுள்பாட் எடுத்த எச்டிஎம்எல்லை அங்கேயே காட்டும். அதில் தமிழ் தமிழாகத் தெரிந்தால் அந்தக் கட்டுரைக்கு வேலை முடிந்தது, அடுத்ததை எடுங்கள்.